விமான நிலையப் பயணமும் விடிகாலைத் தூக்கமும்

சபுராளிகளை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குக் கார் புறப்படாத வாரம் நம் பகுதியில் இருக்காது. ஆவுடையார்கோவிலிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டியோ விடிவதற்கு முன்போதான் இறங்குகின்றன. மூன்று வருடம் கழித்து வரும் மகனையோ கணவரையோ பார்க்கும் ஆசையில் கார் நிறைய ஆள் ஏறிக்கொள்கிறோம். வண்டி ஓட்டுகிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அதைத்தான் பேச நினைக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஜ்ருக்கு ஐந்து மணிக்கு எழுந்தவர் பகல் முழுக்க வேலை பார்க்கிறார். இஷா தொழுது, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்கு வண்டியை எடுக்கிறார். அப்போதே அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் விழித்திருப்பவர்களின் கைகண் ஒருங்கிணைப்பை, மது அருந்தியவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்பாடு, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் செயல்பாட்டுக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் அளவுக்குப் போனது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். மதுவை நாவில் வைக்காத நம் சகோதரர், போலீஸ் வாயை ஊதச் சொன்னால் பயமில்லாமல் ஊதுவார். ஆனால் மூன்று மணிக்கு விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது அவர் கையும் கண்ணும் குடித்தவனுடையதைவிட மோசமாக இருக்கலாம். தூக்கத்தை அளக்க எந்தக் கருவியும் சாலையோரத்தில் இல்லை.

தூக்கம் சொல்லிவிட்டு வருவதில்லை. "கண்ணைக் கட்டினால் நிறுத்திவிடுவேன்" என்று பலரும் நம்புகிறார்கள். மூளை களைத்துவிட்டால் நம் அனுமதியைக் கேட்காமலே மூன்று நான்கு வினாடிகள் தூங்கிவிடும். சில சமயம் கண் திறந்தபடியே இருக்கும், பார்வை இருக்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நான்கு வினாடியில் ஏறக்குறைய 90 மீட்டர் ஓடிவிடும். அந்த 90 மீட்டருக்கு வண்டியில் ஓட்டுநரே இல்லை என்றுதான் பொருள். தூங்கியவர் பிரேக் பிடிப்பதில்லை, வண்டியை ஒடிப்பதுமில்லை. இத்தகைய விபத்துகளில் உயிர்ச்சேதம் அதிகமாக இருப்பது இதனால்தான்.

2020 பிப்ரவரி 20, அதிகாலை மூன்று மணியைத் தாண்டிய நேரம். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே வந்தபோது, எதிர்ப்பக்கச் சாலையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. பேருந்தில் இருந்தவர்களில் 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண் அயர்ந்ததே காரணம் என்று விசாரித்த அதிகாரிகள் கூறினார்கள். தன் பாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் மாண்டார்கள். தூக்கத்தை அடக்குவது அவரவர் சொந்த விஷயம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏன் மூன்று மணி? நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பின்னிரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை அது உடலை முழுமையாகத் தூக்கத்தின் பக்கம் தள்ளுகிறது. உடல் சூடு குறையும், கவனம் தளரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே தள்ளல் கொஞ்சம் லேசாக வரும். (கைலூலா எனும் பகல் தூக்கத்தை நம் பெரியவர்கள் விடாமல் வைத்திருந்தது வீண் இல்லை.) பகலில் ஆறு மணி நேரம் ஓட்டி அலுக்காத ஒருவர் பின்னிரவில் இரண்டு மணி நேரத்தில் தள்ளாடுவதற்குக் காரணம் இந்தக் கடிகாரம்தான். மன உறுதி அதன் முன்னால் நிற்பதில்லை.

இன்னொரு சம்பவம் சபுராளிக் குடும்பங்களுக்கு நேரடியாகவே வலிக்கக்கூடியது. 2010 மே 22 காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். எட்டே பேர் பிழைத்தார்கள். விசாரணையில் தெரியவந்தது இதுதான்: தலைமை விமானிக்குப் பயணத்துக்கு முன் போதிய ஓய்வு நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் விமானி அறை ஒலிப்பதிவில் அவர் 1 மணி 40 நிமிடம் தூங்கியதும், குறட்டைச் சத்தமும் பதிவாகியிருந்தன. தரையிறங்குவதற்கு அரை மணி நேரத்துக்குள்தான் விழித்தார். விமானம் இருக்க வேண்டியதைவிட உயரமாக வந்தது. இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் இறக்கினார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் இருக்கும் மந்தநிலை அவருடைய முடிவெடுக்கும் திறனைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது.

இந்த மந்தநிலையை நாம் எல்லாரும் அறிவோம். ஸஹருக்கு எழுப்பினால் பதில் சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோமே, அதுதான். தொழுகையில் தூக்கம் மேலிட்டால் உறங்கிவிட்டுப் பிறகு தொழும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: அந்த நிலையில் தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது தூங்குகிறவருக்கே தெரியாது. தொழுகைக்கே இப்படி என்றால் ஸ்டியரிங்குக்குச் சொல்லவா வேண்டும்?

சாலையைப் போலத்தான் வேலையிடமும். இரவு முழுக்க ஐஸ் கம்பெனியில் நிற்பவர், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து படகில் போய்த் திரும்புபவர், மலேசியாவில் 24 மணி நேரச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல் முன் நிற்பவர், வளைகுடாவில் இரவுக் காவல் பார்ப்பவர் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் விழித்துச் சம்பாதிக்கிறார்கள். இயந்திரத்தில் கை போவதும், கொதிக்கும் எண்ணெய் கொட்டுவதும் அலுத்த கைக்கு எளிதாக நேரும். இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் அந்த அரை மணி நேரமும் அதே அளவு ஆபத்தானது.

"எனக்கு அஞ்சாறு மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. தொடர்ந்து 14 நாள் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தபோது, அவர்களின் கவனம் ஓர் இரவு முழுக்கத் தூங்காதவரின் அளவுக்குக் கெட்டிருந்தது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் அப்படிக் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை. பழகுவது அந்த உணர்வு மட்டும்தான், உடல் பழகுவதில்லை.

வாடகைக் கார் ஓட்டுநர்கள் விஷயத்தில் நாம் இன்னும் நியாயமாக நடக்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே ஒன்பது மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வரும் கல்யாண மாதத்தில் ஒரே ஓட்டுநர் பகலில் மாப்பிள்ளை ஊர்வலமும் இரவில் விமான நிலையமும் ஓட்டுகிறார். கல்யாண வீட்டில் அவருக்குச் சோறு கடைசியாகத்தான் கிடைக்கிறது, படுக்க இடம் கிடைப்பதே இல்லை. ஒரு பாயும் மின்விசிறியும் உள்ள மூலையைக் காட்டினால் போதும். அது நம் உயிருக்கும் சேர்த்துத்தான்.

பின்னிரவில் விமானம் இறங்கினால் உடனே திரும்பியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பஜ்ரு வரை அங்கேயே இருந்து, தொழுதுவிட்டு வெளிச்சத்தில் புறப்படலாம். அம்மா ஆக்கி வைத்தது கொஞ்சம் ஆறும், சூடு பண்ணிக்கொள்ளலாம். வண்டி ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் போனால் நல்லது. ஆனால் வந்திறங்கியவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். கடைசி நாள் சாமான் கட்டியதிலும் பயணத்திலும் காரில் இருப்பவர்களிலேயே அதிகம் தூக்கம் கெட்டவர் அவர்தான்.

கண்ணாடியை இறக்குவது, சத்தமாகப் பயான் வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. ஒரு காபி குடித்துவிட்டு, பெட்ரோல் பங்க் போன்ற வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவது உதவும். காபி உடலில் ஏறவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். எழுந்ததும் முகம் கழுவி, கால் மணி நேரம் நடந்து, மந்தம் தெளிந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். புறப்படும் நாளில் சளிக்கு மாத்திரை, இருமல் மருந்து எடுக்க நேர்ந்தால், அது தூக்கம் வரவழைக்குமா என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் பலத்த குறட்டை விட்டு, நடுவே மூச்சுத் திணறி எழுந்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறவர் வீட்டில் இருந்தால், அவரை மருத்துவரிடம் காட்டும்வரை இரவில் வண்டி எடுக்க விடாதீர்கள்.