ரவுட்டர் படுத்தா நெட்டும் படுக்கணுமா?

ஆன்லைன் பரீட்சை எழுதிட்டிருக்கீங்க. திடீர்னு ரவுட்டர் செயலிழக்குது. பக்கத்துலயே இன்னொரு ரவுட்டர் இருக்கு. ஆனா உங்க கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேட்வே முகவரிதான். அப்புறம் என்ன, நெட் இல்லை!

இதற்கான தீர்வு எளிது. இரண்டு ரவுட்டர்களும் ஒரு பொதுவான ஐ.பி. முகவரியையும் மேக் முகவரியையும் பகிர்ந்துகொள்ளும். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது விழுந்தால், இரண்டாவது அதே முகவரியோடு பொறுப்பேற்கும்.

இதற்கு சிஸ்கோ உருவாக்கிய சொந்த நெறிமுறை எச்.எஸ்.ஆர்.பி. எல்லா நிறுவனங்களுக்குமான பொதுத் தரநிலை வி.ஆர்.ஆர்.பி.; 1998-ல் ஐ.இ.டி.எஃப். வெளியிட்டது. வேறு வேறு நிறுவன ரவுட்டர்களைச் சேர்த்து வைக்கணும்னா இதுதான் கைகொடுக்கும்.

எச்.எஸ்.ஆர்.பி. 3 விநாடிக்கு ஒருமுறை ஹலோ சொல்லும். 10 விநாடி சத்தமே இல்லைன்னா அடுத்த ரவுட்டர் எழும். வி.ஆர்.ஆர்.பி.யில் அறிவிப்பு விநாடிக்கு ஒன்று. நாலு விநாடிக்குள் மாற்றம் நடந்துவிடும். இரண்டிலும் இந்த நேரங்களை மாற்றிக்கொள்ளலாம்.

லேப்ல நாம கோட்டை விடுற இடம் வேற. விழுந்த ரவுட்டர் திரும்பி வந்தா என்ன ஆகும்? அதன் பிரையாரிட்டி அதிகமா இருந்தா, வி.ஆர்.ஆர்.பி.யில் பதவியைத் தானாகவே திரும்ப வாங்கிக்கும். எச்.எஸ்.ஆர்.பி.யில் ‘ப்ரீஎம்ப்ட்’ கட்டளை கொடுக்கலைன்னா வாங்காது. ரவுட்டர் விட்டுவிட்டு விழுந்து எழுந்தால், தானாக வாங்குவதே தொல்லைதான். பொறுப்பு மாறிக்கிட்டே இருக்கும்.

கடைசியா ஒண்ணு: இரண்டு ரவுட்டரையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல செருகிட்டா, எந்த நெறிமுறையும் காப்பாத்தாது!