‘வீடு எங்கே?’ என்று தொடங்கும் ஆங்கில வகுப்பு

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டியதும் ‘இந்து காலேஜ்’ என்று ஒரு நிறுத்தம் வரும். பட்டாபிராமில் உள்ள கல்லூரியின் பெயரைத்தான் நிலையத்துக்கும் வைத்திருக்கிறார்கள். அதே பட்டாபிராமில் 2024 நவம்பர் 22-ம் தேதி, 330 கோடி ரூபாயில் கட்டிய 21 மாடி டைடல் பூங்காவை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். இந்தப் பக்கம் அம்பத்தூரில், 1964-ல் அரசு தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஐ.டி. நிறுவனங்களும் கால் சென்டர்களும் எழும்பி நிற்கின்றன.

பட்டறையில் வேலை கேட்டுப் போன அப்பாவிடம் யாரும் ஆங்கிலம் கேட்கவில்லை. பிள்ளையிடம் கேட்கிறார்கள். பி.காம். சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்து, “டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்” என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பல பேரின் மூன்று வருடப் படிப்பு கரைகிறது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. கல்லூரிக்கு வந்தாலும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். ஆனாலும் பேச்சு வரவில்லையென்றால் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டத்தில் அச்சிடுகிறோம். மதிப்பெண்ணின் பெரும்பங்கு எழுதுவதற்குத்தான் போகிறது. அந்த எழுத்தும் பல நேரம் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்ததுதான். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால், திட்டம் எதுவானாலும் அது வந்து இறங்குவது ஒரு வகுப்பறையில். அந்த வகுப்பறையில் யார் பேசுகிறார், யார் தலையைக் குனிந்துகொள்கிறார் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் முதல் வகுப்பு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் நல்லவர். பாடமாக வேண்டாம், ஒரு செயல்பாடாகத் தொடங்கலாம் என்கிறார். ஒவ்வொருவராக எழுந்து பெயர், சொந்த ஊர், வீடு இருக்கும் இடம், அப்பாவின் வேலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நாலு வாக்கியம். கையேடுகளிலும் பெரும்பாலும் முதல் பயிற்சி இதுதான். வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதியவருக்கு இதில் என்ன சங்கடம் இருக்கிறது என்று தெரியாது. நமக்குத் தெரியும். நம் ஊரில் ‘வீடு எங்கே?’ என்பது முகவரி கேட்கும் கேள்வி இல்லை. பூந்தமல்லி என்றால் விடமாட்டார்கள். பூந்தமல்லியில் எங்கே? பஸ் ஸ்டாண்டு பக்கமா, உள்ளேயா, எந்தத் தெரு? அம்பேத்கர் நகர் என்றதும் கேள்வி நின்றுவிடும். கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அப்பா தூய்மைப் பணியாளர் என்றால் மகன் என்ன சொல்வான்? “மை ஃபாதர் இஸ் எ கவர்ன்மென்ட் எம்ப்ளாயி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் அதையும் சொல்ல முடியாது. அடுத்த கேள்வி வந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் தெரிந்த வார்த்தையும் தொண்டையில் நின்றுவிடும். வகுப்பு என்ன முடிவுக்கு வரும்? ‘இவனுக்கு இங்கிலீஷ் வராது.’ அவன் அடக்கிக்கொண்டது இங்கிலீஷை இல்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

பயமும் கூச்சமும் உள்ள இடத்தில் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்று மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களில் விரிவாக எழுதினார். பொதுவாகப் பேசப்படும் அந்தப் பயத்துக்கு நம் வகுப்பறைகளில் இன்னொரு பெயரும் உண்டு. வகுப்பில் மாணவரின் சாதியை வாய்விட்டு அறிவிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் பாகுபாடு என்றே சொல்கின்றன. ஆசிரியர் அறிவித்தால்தான் அறிவிப்பா? மாணவனையே எழுப்பி நிறுத்தி, அவன் வாயாலேயே சொல்ல வைத்தால் அதற்கு என்ன பெயர்?

அதற்காகச் செயல்பாடே வேண்டாம், பழையபடி கரும்பலகையில் வினைச்சொல் அட்டவணை எழுதுவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பேசித்தான் பேச்சு வரும். செய்யவேண்டியதெல்லாம் கேள்வியை மாற்றுவது. எங்கள் சனிக்கிழமை வகுப்பில் முதல் நாள் தாளில் ஊர் இல்லை, அப்பா இல்லை. ‘உன் போனில் கடைசியாக எடுத்த படம் எது?’, ‘காலை ரயிலில் எந்தப் பெட்டியில் கூட்டம் குறைவு?’, ‘நீ நன்றாகச் செய்யக்கூடிய ஒரு வேலையை எனக்குச் சொல்லிக்கொடு’. மூன்றாவது கேள்விக்கு டீ போடுவதிலிருந்து பறையைச் சூடேற்றுவது வரை பதில் வந்திருக்கிறது. பறையைப் பற்றிச் சொன்ன மாணவிக்கு ‘தோல்’ என்பதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. தன் முழங்கையைக் கிள்ளிக் காட்டினார். எதிரே இருந்தவர் ‘ஸ்கின்’ என்று எடுத்துக்கொடுத்தார். பேச்சு நிற்கவில்லை.

ஜோடி சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ‘உங்களுக்குப் பிடித்தவரோடு உட்காருங்கள்’ என்றால் ஊர் ஊரோடும் காலனி காலனியோடும் உட்காரும். பள்ளிகளில் சாதிய உணர்வைக் களைவது பற்றி 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி கே.சந்துரு குழு, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. கல்லூரியில் பேச்சுப் பயிற்சிக்கும் அது பொருந்தும். வாரம் ஒரு முறை வரிசையில் ஓர் இடம் தள்ளி ஜோடியை மாற்றிக்கொண்டே போனால், ஒரு பருவத்துக்குள் பல பேரோடு பேசிவிடலாம்.

இனி வீட்டிலோ திண்ணையிலோ இருவர் இருந்தாலே செய்யக்கூடிய ஒன்று. ஆளுக்கொரு தாள். ஒருவர் தாளில் ஆவடியிலிருந்து ஐந்து ரயில்கள் புறப்படும் நேரம் மட்டும் இருக்கும். இன்னொருவர் தாளில் அவை சென்ட்ரல் போய்ச் சேரும் நேரம். தாளைக் காட்டக் கூடாது, தமிழில் கேட்கக் கூடாது. பத்து நிமிடத்தில் இருவர் தாளும் நிரம்ப வேண்டும். ஆளுக்குப் பாதி தெரிந்திருப்பதால் கேட்டே ஆக வேண்டும். ஆசிரியர் தனக்குப் பெயர் தெரிந்த மாணவனிடம் “வாட் இஸ் யுவர் நேம்?” என்று கேட்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே நடப்பது சோதனை. இங்கே தேவை பேச வைக்கிறது. நடுவில் புகுந்து இலக்கணப் பிழை திருத்துவதில்லை. காதில் விழுந்த பிழைகளைக் குறித்து வைத்து, கடைசியில் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எழுதித் திருத்துகிறோம்.

நேர்முகத் தேர்வையும் நடித்துப் பார்க்கிறோம். நாங்கள் முதலில் உட்காரச் சொல்வது கேள்வி கேட்பவரின் நாற்காலியில். நாலு பேரிடம் அதே கேள்வியைக் கேட்டு அலுத்த பிறகுதான், “டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்” என்பதற்குள் அப்பாவும் தெருவும் இல்லை என்பது மாணவருக்கு உறைக்கிறது. என்ன படிக்கிறேன், இதுவரை என்ன வேலை செய்திருக்கிறேன், இங்கே என்ன செய்ய விரும்புகிறேன். இது போதும். விடுமுறை நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகாத பையன்கள் இந்தப் பகுதியில் குறைவு. ஐந்நூறு பேர் பந்தியை நேரத்துக்கு முடித்ததை மூன்று ஆங்கில வாக்கியத்தில் சொல்லப் பழகினால், அதைவிட நல்ல அனுபவச் சான்று எது?

இந்தச் செயல்பாடுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ‘ஜிக்சா’. துண்டு துண்டான படத்தைச் சேர்க்கும் விளையாட்டின் பெயர். இது பிறந்த கதை நம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் அதுவரை பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது மோதல் வெடித்தது. 1971-ல் உளவியலாளர் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கையைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தன் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் முழு வாழ்க்கையிலும் தேர்வு. ஆங்கிலம் இரண்டாம் மொழியான ஒரு மெக்சிகோ வம்சாவளிச் சிறுவன் திக்கியபோது மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். அவனிடம் இருக்கும் துண்டு வேறு யாரிடமும் இல்லை என்பது புரிந்ததும் கேலியை விட்டுவிட்டுப் பொறுமையாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவனும் பேசினான்.

நாங்கள் புலிட்சருக்குப் பதிலாக இரட்டைமலை சீனிவாசனை எடுத்துக்கொண்டோம். எளிய ஆங்கிலத்தில் ஐந்து துண்டு. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தது ஒன்று. 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது ஒன்று. லண்டனுக்குக் கிளம்பியவர் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தது ஒன்று. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நமக்குள்ள உரிமைக்காக 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது ஒன்று. 1930 நவம்பரில் லண்டனில் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்தது ஒன்று. ஒருவர் தாய்மொழி மராத்தி, இன்னொருவர் தாய்மொழி தமிழ். ஒடுக்கப்பட்ட மக்களுக்கான அரசியல் பாதுகாப்புகளைக் கோரி இருவரும் சேர்ந்து அங்கே அளித்த மனு ஆங்கிலத்தில் இருந்தது.

2010-ல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், பங்கா என்ற கிராமத்தில், எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் முன்முயற்சியில் ‘ஆங்கில தேவி’க்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். அந்த ஆதங்கம் நமக்குப் புரிகிறது. ஆனாலும், புதிதாக ஒரு சாமி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். கும்பிட்டால் எட்டி நிற்கத் தோன்றும். தமிழ் முதுகலை படித்துவிட்டு இங்கிலீஷுக்கு வக்காலத்தா என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். தமிழ் எங்கும் போகாது. கோழியாளத்துக்காரர் தன் ஜீவிய சரித்திரத்தைத் தமிழில்தான் எழுதினார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. குழுவில் ஐந்து பேர். நாலு பேர் தங்கள் துண்டைச் சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்றாவது துண்டு மட்டும் பாக்கி. அதை வைத்திருந்தவர் அண்ணனூரிலிருந்து வரும் முதலாண்டு மாணவர். மூன்று வாரமாக வாயே திறக்காதவர். அம்பத்தூர் மாணவி அவரைப் பார்த்து, “ஹி வென்ட் டு லண்டன் ஒன்லி, நோ? ஒய் சவுத் ஆப்பிரிக்கா?” என்றார். அவர் தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“வெயிட்,” என்றார். “ஐ டெல்.”