மூன்று பைட்டும் ஐம்பது கிலோமீட்டரும்

சர்வர் ஒன்று உறைந்து நின்றால், 2003 வாக்கில் பத்துமலையில் குடியிருந்தவருக்கு அது ஒரு சாலைப் பயணம். எம்.ஆர்.ஆர். 2 சாலையில் ஏறி, கெப்போங் மேம்பாலம் தாண்டி, எல்.டி.பி. நெடுஞ்சாலையில் பூச்சோங் வழியாகச் சைபர்ஜெயா போய்ச் சேர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அங்கே காவலரிடம் அடையாள அட்டையைக் கொடுத்து, குளிர்ந்த அறைக்குள் நுழைந்து, இயந்திரத்தின் முகப்புப் பொத்தானை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் வேலை முடிந்தது. திரும்பி வர இன்னொரு 50. தூண்களில் வெடிப்புக் கண்டு கெப்போங் மேம்பாலத்தை 2004இலும் 2006இலும் மூடியபோது அந்த நான்கு விநாடி வேலைக்குப் பாதி இரவு போனது. மாற்று வழியான மெக்ஸ் நெடுஞ்சாலை திறந்ததெல்லாம் 2007 டிசம்பரில்தான்.

இன்று அந்த வேலைக்கு யாரும் காரை எடுப்பதில்லை. வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினால், சைபர்ஜெயாவிலோ ஜொகூரிலோ இருக்கும் சர்வர் அணைந்து மறுபடி எழுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருந்தது. இயந்திரத்தைத் தூரத்திலிருந்து ஆளும் கருவி கையில் இருக்கும். நாம் வைத்திருக்கும் இயங்குதளத்தில் அது ஓடாது. லினக்ஸுக்கு எழுதிய அந்தக் கருவியை மற்ற இயங்குதளங்களுக்கும் கொண்டுபோகச் சிலர் மெனக்கெட்டார்கள். அந்த வேலையை இன்று ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டோம்.

சர்வரின் தாய்ப்பலகையில் பிஎம்சி என்றொரு சிறு சில்லு இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பம், மின்னழுத்தம், விசிறியின் வேகம் எல்லாம் அதற்குத் தெரியும். சர்வரை அணைக்கவும் எழுப்பவும் அதனால் முடியும். அதனோடு பேச ஆளுக்கொரு வழி என்றிருந்ததை மாற்றி, இன்டெல், டெல், ஹியூலெட்-பேக்கர்ட், என்இசி நான்கும் சேர்ந்து 1998இல் ஐபிஎம்ஐ என்ற பொதுவிதியை வெளியிட்டன. நால்வரில் மூவருக்குப் பினாங்கில் ஆலை இருந்தது. இன்டெல் அங்கே வந்தது 1972இல். பலகைகள் நம் ஊர்ப் பெண்களின் கை வழியாகத்தான் போயின. அவற்றோடு பேசும் மென்பொருள் மட்டும் வேறெங்கோ எழுதப்பட்டது.

அந்த வேறெங்கோவில் ஒரு தமிழர் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, கலிபோர்னியா டிஜிட்டல் என்ற நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்துக்காக அந்த நிறுவனம் கட்டிய தண்டர் என்ற மீக்கணினி, 1,024 சர்வர்களும் 4,096 இட்டேனியம் செயலிகளும் கொண்டது. 2004 ஜூனில் உலகின் அதிவேகக் கணினிகளில் அது இரண்டாம் இடம் பிடித்தது. 1,024 சர்வர்களின் பொத்தான்களை ஆள் வைத்து அழுத்த முடியாது அல்லவா? அந்தத் தேவையில் பிறந்ததுதான் ஃப்ரீஐபிஎம்ஐ என்ற கட்டற்ற மென்பொருள். குனூ திட்டத்தின் ஓர் அங்கமாக அது வெளிவந்தது. பின்னர் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் சூ அதைப் பேணி வளர்த்தார். பெரியசாமி 2005இல் கிளஸ்டர், 2014இல் மினியோ ஆகிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டவர்களுக்கும் இந்த முதல் வேலை அவ்வளவாகத் தெரியாது.

தண்டர் ஓடியது லினக்ஸில். ஆகவே ஃப்ரீஐபிஎம்ஐயும் லினக்ஸில்தான் பிறந்தது. ஆனால் அந்நாளைய சர்வர் அறையில் லினக்ஸ் ஒன்றே ராஜா இல்லை. அஞ்சலுக்கு ஃப்ரீபிஎஸ்டி, தரவுத்தளத்துக்குச் சோலாரிஸ், தீச்சுவருக்கு ஓபன்பிஎஸ்டி, கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ் என்று ஒரே அலமாரியில் நான்கு சாதி இருக்கும். தொலைவிலிருந்து வலைப்பின்னல் வழியாக, யுடிபி போர்ட் 623இல் பேசுவதற்கு இந்தப் பேதம் பெரிய தடையில்லை. சர்வருக்குள்ளிருந்தே அதன் பிஎம்சியோடு பேசத்தான் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி வாசல் தேட வேண்டியிருந்தது.

உள்ளிருந்து பேசும் வழி பழைய விசைப்பலகைக் கட்டுப்படுத்தியின் பாணியில் அமைந்தது. இன்டெல் வகைப் பலகைகளில் வழக்கமாக இரண்டு போர்ட் எண்கள்: தசமத்தில் சொன்னால் தரவுக்கு 3234, கட்டளைக்கும் நிலைக்கும் 3235. முதலில் நிலையைப் படித்து, சில்லு கை ஓய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 3235இல் 97 என்று எழுதினால், பேசப்போகிறேன் என்று பொருள். அதன்பின் 3234 வழியாக ஒவ்வொரு பைட்டாகச் செலுத்த வேண்டும். சர்வரை அணைத்து எழுப்பும் கட்டளைக்கு மொத்தம் மூன்றே பைட்.

லினக்ஸில் இந்தப் போர்ட்டுகளைத் தொடக் கருவகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கென்று இருக்கும் ஒரு சாதனக் கோப்பைத் திறந்தாலே அனுமதி கிடைத்துவிடும். சோலாரிஸில் சன் நிறுவனம் தந்த இயக்கியைக் கும்பிட்டுத்தான் போக வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் ஒரு பொறி இருந்தது. போர்ட்டில் எழுதும் செயற்கூறு இரண்டு இடத்திலும் ஒரே பெயர். லினக்ஸில் மதிப்பு முன்னால், போர்ட் எண் பின்னால். ஃப்ரீபிஎஸ்டியில் போர்ட் எண் முன்னால், மதிப்பு பின்னால். இரண்டும் வெறும் எண்கள்தானே, இடம் மாறினால் கம்பைலர் தடுக்காது. இதில் ஒரு வேடிக்கை: தாய்ப்பலகையின் சிறு ஸ்பீக்கரை இயக்கும் போர்ட்டின் எண்ணும் 97தான். வரிசையைத் திருப்பாமல் அப்படியே கொண்டுவந்தால், பிஎம்சிக்குப் போக வேண்டிய செய்தி ஸ்பீக்கரின் வாசலுக்குப் போகும். ஃப்ரீஐபிஎம்ஐயின் மூலநிரலில் இதற்கென்றே ஒரு சிறு மேக்ரோ உண்டு. எந்த இயங்குதளம் என்று பார்த்து இரண்டையும் இடம் மாற்றித் தரும். வாரக்கணக்கான வேலை ஒன்று இரண்டு வரிகளில் ஒடுங்கி நிற்பதை அங்கே பார்க்கலாம். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி, சோலாரிஸ், சிக்வின் வழியாக விண்டோஸ் என்று கருவி போய்ச் சேர்ந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படிப்பட்ட வரிகள் இருந்தன.

ஒரு தைப்பூசத்தன்று நான் பத்துமலைப் படிக்கட்டின் கீழ், நகர வழியில்லாத கூட்டத்தில் நின்றிருந்தபோது, சைபர்ஜெயாவில் முறை பார்த்த இளைஞர் கைப்பேசியில் அழைத்தார். "அண்ணே, மெயில் சர்வர் கொதிக்குது. கமாண்ட் இருக்கு, ஆனா டிவைஸ் இல்லைங்குது லா." அது ஃப்ரீபிஎஸ்டி. கருவியிடம் கருவகத்தின் இயக்கியைத் தேடாதே, நேராகப் போர்ட்டைத் தொடு என்று சொல்லும் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னேன். உறுமிமேளச் சத்தத்தில் அதை எழுத்தெழுத்தாகக் கத்தித்தான் சொல்ல முடிந்தது. ஒரு விசிறியின் வேகம் சுழியம் என்று திரையில் வந்தது. அன்றைக்கு ஓர் ஆள் எம்.ஆர்.ஆர். 2இல் காரை ஓட்ட நினைத்தாலும் முடிந்திருக்காது.

மலேசியத் தமிழருக்கு இந்த வகை உழைப்பு புதிதில்லை. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள், விண்டோஸுக்கும் மேக்குக்கும் பிறகு கைப்பேசிக்கும் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஒவ்வொரு இயங்குதளமும் தமிழ் எழுத்தைத் தன் போக்கில் கையாண்டது. ஒன்றில் சரியாக அமர்ந்த கொம்பு இன்னொன்றில் எழுத்தை விட்டு ஓடும். அதைப் பிடித்து உட்கார வைத்தவர்களுக்குப் போர்ட்டும் மதிப்பும் இடம் மாறிய கதை எளிதில் புரியும்.

அப்போது காற்றும் சாதகமாக வீசியது. தண்டர் பட்டியலில் ஏறிய மறுமாதம், 2004 ஜூலையில், மலேசிய அரசின் மாம்பு துறை பொதுத்துறைக்கான திறந்தமூலப் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அரசு அலுவலகங்களிலும் கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேசுவது நாகரிகமானது.

பிறகு மெல்ல மெல்ல இந்த வேலைக்கே தேவை குறைந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் கருவகத்துக்குள்ளேயே ஓர் இயக்கி வந்தது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கியது; ஓபன்சோலாரிஸ் அந்த ஆண்டே நின்றது. 2017 நவம்பர்ப் பட்டியலில் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே ஓடின. 2015 ஆகஸ்டில் வந்த ரெட்ஃபிஷ் என்ற புதிய பொதுவிதியோ போர்ட் எண்களையே தேவையற்றதாக்கியது. இணையப் பக்கத்தைக் கேட்பது போலவே பிஎம்சியிடம் கேட்கலாம். பதில் படிக்கக்கூடிய சொற்களில் வரும். உலாவி ஓடும் எந்த இயங்குதளமும் போதும். மூன்று பைட்டில் முடிந்த கட்டளை, பாதுகாப்புக் கைகுலுக்கலையும் சேர்த்தால் இன்று சில ஆயிரம் பைட் ஆகிறது. யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை, எண்ணவும் வேண்டியதில்லை.

பாதுகாப்பில் கணக்கு அவ்வளவு சுளுவாக இல்லை. பழைய ஐபிஎம்ஐ 2.0இல் கடவுச்சொல்லின் நீளம் 20 பைட்டைத் தாண்டாது. அதன் கலவைக் குறியீட்டைக் கேட்டவர் யாரானாலும், உள்ளே நுழையும் முன்பே கையில் கொடுத்துவிடும். இதை 2013இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் எடுத்துக்காட்டிய பிறகு பல நிறுவனங்கள் தொலைவழி ஐபிஎம்ஐயை அடைத்தே சர்வரை அனுப்பத் தொடங்கின. சரி, புதியது பத்திரமா? 2025 மார்ச்சில், ஏஎம்ஐ நிறுவனத்தின் மெகாராக் பிஎம்சி மென்பொருளின் ரெட்ஃபிஷ் வாசலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் நுழையலாம். அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. அன்று அறைக்குள் போகக் காவலரிடம் அடையாள அட்டையாவது கொடுத்தோம்.

அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும். தண்டரின் வேகம் 19.94 டெராஃப்ளாப்ஸ். அதே லிவர்மோரில் 2024 நவம்பரில் முதலிடம் பிடித்த எல் கேபிடன் 1.742 எக்ஸாஃப்ளாப்ஸ், ஏறக்குறைய 87 ஆயிரம் மடங்கு. தண்டரின் முதன்மைச் செயலி 1.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்று பரவலாகப் பயன்படும் ஏஎஸ்டி2600 என்ற பிஎம்சி சில்லு, வெறும் காவல் வேலைக்கு, 1.2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கருவோடு வருகிறது. அதற்குள்ளேயே ஒரு முழு லினக்ஸ் ஓடுகிறது. ஃபேஸ்புக்கில் 2014 வாக்கில் முளைத்து, 2018இல் லினக்ஸ் அறக்கட்டளையின் திட்டமான ஓபன்பிஎம்சி அது. இயங்குதளத்துக்கு இயங்குதளம் கருவியைத் தூக்கிச் சென்ற காலம் போய், கடைசியில் ஓர் இயங்குதளமே சில்லுக்குள் குடியேறிவிட்டது.

இழந்தது என்ன என்று கேட்டால், ஏக்கப்பட அதிகமில்லை. நள்ளிரவுப் பயணத்தை யார் திரும்பக் கேட்பார்கள்? ஆனால் நான்கு இயங்குதளங்களில் ஓட வைத்த நிரலுக்கு ஒரு நேர்மை இருந்தது. ஒன்றில் தற்செயலாக ஓடிய பிழை இன்னொன்றில் அகப்பட்டுக்கொள்ளும். எந்தப் புலம் எத்தனை பிட் என்று ஃப்ரீஐபிஎம்ஐ அட்டவணையாகவே எழுதி வைத்ததால், நிரலைப் படித்தே ஐபிஎம்ஐயைக் கற்றவர்கள் உண்டு. நான் அப்படித்தான் கற்றேன். இன்றைய இளைஞர்களுக்கு 3234 எந்த வாசல் என்று தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை, தெரிந்துகொள்ளும் அவசியம் அவர்களுக்கு வந்ததேயில்லை.

அந்த வேலை முழுதாக ஒழிந்துவிடவும் இல்லை. முன்பு இயங்குதளம் மாறியது, இப்போது பலகை மாறுகிறது. புதிய சர்வர் பலகை ஒவ்வொன்றுக்கும் ஓபன்பிஎம்சியை ஓட வைக்க, எந்தக் கம்பியில் எந்த வெப்ப உணரி, எந்த விசிறி எத்தனையாவது என்று சொல்லும் ஒரு விவரக்கோப்பை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். ஏஎம்ஐ, சுப்ரமணியன் சங்கர் என்பவர் 1985இல் இன்னொருவரோடு சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். அதன் சென்னைக் கிளையிலும் இந்த வகை வேலை நடக்கிறது. விவரக்கோப்பில் ஒரு விசிறியின் எண் தவறினால், பிஎம்சி அந்த விசிறி செத்துவிட்டதாக முடிவுகட்டி மற்ற எல்லாவற்றையும் உச்ச வேகத்தில் ஓட விடும். அந்த அலறல் சர்வர் அறையின் கதவுக்கு வெளியேயும் கேட்கும்.