சாபமா, கவனக் குறைவா?
புரூஸ் லீ பற்றி ஏமாற்றம் தரும் ஒரு படம்

'குங்பூ' வீரர் புரூஸ் லீ ஹாங்காங்கில் காலமானது 1973 ஜூலை 20-ந் தேதி. அப்போது அவருக்கு வயது 32தான். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் வாலிபர்கள் கையையும் காலையும் உதறிப் பார்க்கிறார்கள்.

அவரைப் பற்றி 1993-ல் அமெரிக்காவில் ஒரு டாகுமெண்டரி படம் வந்தது. பெயர் 'கர்ஸ் ஆஃப் தி டிராகன்'. அதாவது, டிராகனின் சாபம்! எடுத்தவர்களில் ஒருவர் பிரெட் வெய்ன்ட்ராப். 'எண்டர் தி டிராகன்' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். கூட இருந்து பார்த்தவர் எடுத்த படமாயிற்றே என்று ஆவலோடு உட்காருகிறோம்.

சண்டைக் காட்சிகள் உண்டு. உடன் பழகிய நட்சத்திரங்கள் பேசுகிறார்கள். அந்த மட்டில் குறையில்லை. ஆனால், தகப்பன் சாவையும் மகன் சாவையும் ஒரே முடிச்சாகப் போட்டு, அதற்குச் சாபம் என்று பெயரும் சூட்டிவிட்டார்களே, அங்கேதான் ஏமாற்றம்.

நடந்தது என்ன?

1973 மே 10-ந் தேதி, ஸ்டூடியோவில் குரல் பதிவின்போது புரூஸ் லீ மயங்கி விழுந்தார். மூளையில் வீக்கம் என்று டாக்டர்கள் கண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, தலைவலிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போதும் மூளை வீக்கம்தான். அது ஏன் வந்தது என்பதில் வைத்தியர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் அது வைத்தியர் பேச வேண்டிய விஷயம். மந்திரவாதி பேச வேண்டியதல்ல.

மகன் பிராண்டன் லீ 1993 மார்ச் 31-ல், 28-வது வயதில், 'தி குரோ' படப்பிடிப்பில் சுடப்பட்டு இறந்தார். முன்பு ஒரு காட்சிக்குப் பயன்படுத்திய போலித் தோட்டாவின் முனை துப்பாக்கிக் குழாயிலேயே சிக்கியிருந்தது. பிறகு அதே துப்பாக்கியில் வெறும் மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த ஈயம் பாய்ந்து அவர் வயிற்றைத் துளைத்தது. குழாயை ஒரு தடவை சரியாகச் சோதித்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

யாருக்குச் சௌகரியம்?

சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்களுக்கு இது புதிதல்ல. தடுப்பு இல்லாத இயந்திரத்தில் ஒருவன் கையை இழந்தால், 'அவன் தலையெழுத்து' என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறவர்கள் உண்டு.

1971-ல் வெளிவந்த 'தி பிக் பாஸ்' படத்தில் புரூஸ் லீ, பிழைப்புக்காகத் தாய்லாந்து சென்று ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தொழிலாளி. ஐஸ் பாளங்களுக்குள் போதைப் பொருளை மறைத்துக் கடத்துகிறான் முதலாளி. அதைக் கண்டுகொண்ட தொழிலாளிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். 'விதி' என்று கதாநாயகன் சும்மா இருக்கவில்லை. அவர்களைத் தேடிப் போகிறார்; முதலாளி வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறார்.

கேள்வி கேட்கும் அந்த வேடத்தால்தான் ஆசியா முழுவதும் அவர் புகழ் பரவியது. அவரைப் பற்றி எடுத்த படமோ, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், பழியைச் சாபத்தின் தலையில் போட்டுவிட்டது.