ஸ்மூற்-ஹோலித் தீர்வையும் மக்கள் எதிர்வினையும்

அரசொன்று அயல்நாட்டுப் பண்டங்கள்மீது தீர்வை விதிக்கும்போது எழும் குரல்களுள் எவை ஆட்சியாளர் செவிக்கு எட்டுகின்றன? 1930 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய ஸ்மூற்-ஹோலிச் சட்டத்தைக்கொண்டு இவ்வினாவை ஈண்டு நோக்குவோம்.

முதலாம் உலகப் போரின் பின் விளைபொருள் விலை வீழ்ந்தமையால் அந்நாட்டுக் கமக்காரர் பெரிதும் நலிந்திருந்தனர். அவர்களுக்குத் தீர்வை வாயிலாக உதவுவதாக 1928 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹூவர் வாக்களித்தார். சட்டமூலம் காங்கிரசை அடைந்ததும் கைத்தொழிலதிபரும் தத்தம் பண்டங்களுக்குப் பாதுகாப்புக் கோரினர். ஒரு தொகுதியின் பண்டத்துக்கு ஆதரவளித்து மற்றொரு தொகுதியின் ஆதரவைப் பெறும் பண்டமாற்று அங்கு நிகழ்ந்தது. கமக்காரனுக்கென வெட்டிய வாய்க்காலில் ஆலைக்காரனும் நீர் பாய்ச்சிக்கொண்டான் எனலாம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1028 பொருளியலாளர் ஒப்பமிட்டு இச்சட்டத்தை நிராகரிக்குமாறு வேண்டினர். மோட்டார் உற்பத்தியாளரான ஹென்றி ஃபோர்ட் சனாதிபதியை நேரிற் கண்டு தடுக்க முயன்றார். எனினும் செனற் சபையில் 44க்கு 42 என்ற வாக்குகளால் அது நிறைவேற, 1930 யூன் 17 இல் ஹூவர் ஒப்பமிட்டார். இதற்கான காரணம் எளிது. தீர்வையால் நயம் பெறுவோர் சிலர். தமது நயத்தின் அளவை அவர்கள் நன்கறிவர். சப்பாத்துக்கும் சீனிக்கும் சில சதம் கூடுதலாகக் கொடுப்போர் பல கோடியினர். அச்சில சதத்துக்காக அவர்கள் அணிதிரள்வதில்லை.

அணிதிரண்டோர் எல்லைக்கு அப்பால் இருந்தனர். கனடாவிலே மிதவாதியான பிரதமர் கிங், சட்டம் நிறைவேறுமுன்னரே, 1930 மே மாத வரவுசெலவுத் திட்டத்தில் 16 அமெரிக்கப் பண்டங்கள்மீது எதிர்த்தீர்வை விதித்தார். வாக்காளருக்கு அது போதவில்லைப் போலும். யூலைத் தேர்தலில், இன்னும் கடுமையாக நடப்பதாகக் கூறிய பெனற்றின் கட்சி வென்றது. வேலையின்மையும் அத்தேர்தலிற் பெரும் பிரச்சினையாக இருந்தமையால், முழு வெற்றியையும் தீர்வைக்கே உரியதாக்குதல் பொருந்தாது. ஆயினும் செத்தெம்பரிற் கூடிய விசேட அமர்வில் பெனற் தீர்வைகளை உயர்த்தினார் என்பது கருதத்தக்கது.

இதன் விளைவை முட்டை வணிகத்திற் காணலாம். அமெரிக்கா ஒரு டசின் முட்டைக்கான தீர்வையை 8 சதத்திலிருந்து 10 சதமாக்கியது. கனடா தனது 3 சதத்தை 10 சதமாக்கியது. கனடாவிலிருந்து அமெரிக்கா வாங்கிய முட்டை சொற்பம். அங்கு விற்றதோ மிகுதி. 1929 இல் ஒன்பது இலட்சம் டசினுக்கு மேலிருந்த அவ்வேற்றுமதி 1932 இல் ஏறத்தாழ 14,000 டசினாகச் சுருங்கியது. யாருக்காகச் சட்டம் தொடங்கப்பட்டதோ அக்கமக்காரனே சந்தையை இழந்தான்.

கைக்கடிகாரத் தீர்வையால் தாக்குண்ட சுவிற்சர்லாந்திலோ மக்களே அமெரிக்கப் பண்டங்களைப் புறக்கணிக்க முற்பட்டனர். சிறிய நாடொன்றின் புறக்கணிப்பு பெருவல்லரசை அதிகம் வருத்தியிராது; ஆனால் தீர்வைக் கணக்கில் இடம்பெறாத மனத்தாங்கலை அது புலப்படுத்துகின்றது.

1932 இல் ஹோலி தம் கட்சியின் நியமனத்தையே இழந்தார். ஸ்மூற் தேர்தலில் தோற்றார். பெருமந்தத்தின் சினம் அவர்கள் கட்சியினர் பலரையும் அவ்வாண்டு வீழ்த்தியது. 1934 இல் தீர்வைக் குறைப்புக்கு ஏனைய நாடுகளுடன் உடன்படும் அதிகாரத்தைக் காங்கிரசு சனாதிபதிக்கு வழங்கிற்று. மறு ஆண்டு நவம்பரில், மீண்டும் பதவிக்கு வந்திருந்த கிங்குடன் வணிக உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.