மளிகைக் கடையில் தொடங்கி பத்மஸ்ரீ வரை: தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மையார்

மேட்டுப்பாளையம் என்றால் நம் மொத்த வியாபாரிகளுக்கு உருளைக்கிழங்கு மண்டிதான் நினைவுக்கு வரும். அதே மேட்டுப்பாளையத்தை அடுத்து, பவானி ஆற்றங்கரையில் உள்ள தேக்கம்பட்டி கிராமத்தில், 2024 செப்டம்பர் 27 அன்று பாப்பம்மாள் அம்மையார் அவர்கள் இயற்கை எய்தினார்கள். வயது 109. நாட்டின் மூத்த இயற்கை விவசாயி மறைந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பிரதமரும் முதலமைச்சரும் இரங்கல் தெரிவித்தார்கள். எல்லாம் சரியே. ஆனால் வணிகர்களாகிய நாம் முன்னால் சொல்லிக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அம்மையார் விவசாயி ஆவதற்கு முன்பே கடைக்காரர்.

1914-ஆம் ஆண்டு தேவலாபுரத்தில் பிறந்தவர். ரங்கம்மாள் என்பதும் அவர் பெயரே. சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, சகோதரிகளுடன் தேக்கம்பட்டிக்கு வந்து பாட்டியிடம் வளர்ந்தார். அந்தப் பாட்டி ஒரு மளிகைக் கடை நடத்தி வந்தார். பாட்டியின் காலத்துக்குப் பிறகு கடை பேத்தியின் கைக்கு வந்தது. கூடவே ஒரு சிறு உணவுக் கடையும் நடத்தினார். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து, ஊரிலேயே சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்.

மளிகைக் கடை லாபத்தில் 10 ஏக்கர்! பாட்டன் சொத்தோ, கணவர் வீட்டுச் சீதனமோ அல்ல. நம் தொழிலில் ஒரு கிலோவுக்கு என்ன நிற்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இதன் பெருமை புரியும்.

எங்கள் சேர்வராயன் மலையில், நாகலூர் போன்ற ஊர்களில் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காப்பியும் மிளகும் பறிக்கிற மாதங்களில்தான் ஜனங்கள் கையில் பணம் புரளும். மற்ற மாதங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பற்று நோட்டில்தான் ஏறும். கடனைக் கொடுக்காமல் கடை நடத்த முடியாது. கொடுத்துவிட்டு வசூலிக்கத் தெரியாவிட்டாலும் நடத்த முடியாது. கிராமத்துக் கடை எங்கும் இப்படித்தான். கல்லாவில் விழுகிற சில்லறையை வேறு செலவுக்குத் தொடாமல் எடுத்து வைப்பதற்குத் தனி மனஉறுதி வேண்டும். அம்மையாரிடம் அது இருந்திருக்கிறது.

நிலத்தில் இறங்கிய பிறகும் கணக்காகவே நடந்துகொண்டார். பயறு வகைகள், சோளம், காய்கறி, வாழை என்று மாற்றி மாற்றிப் பயிர் வைத்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடன் நெடுங்காலத் தொடர்பு. அங்கு நடக்கும் கூட்டங்களுக்குப் போய் விஞ்ஞானிகளிடம் கேள்வி கேட்பார். பொது வாழ்விலும் ஒதுங்கி இருக்கவில்லை. தேக்கம்பட்டி பஞ்சாயத்து உறுப்பினராகவும், காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். கடைசிக் காலத்தில் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு, நூறு வயதைக் கடந்த பிறகும் வயலுக்குப் போய் வந்தார். மட்டன் பிரியாணியை விரும்பிச் சாப்பிடுவார், சுடுநீர்தான் குடிப்பார் என்று பத்திரிகைகள் எழுதின. காப்பி விளைகிற மலையில் இருந்துகொண்டு அந்த இரண்டாவது விஷயத்தை எழுத எனக்குக் கொஞ்சம் சங்கடந்தான்!

2021-இல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதம் டெல்லியில் நடந்த சிறுதானிய மாநாட்டில் பிரதமர் அவரை வணங்கி ஆசி பெற்றார். எங்கள் மலையில் சாமையும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்த காலம் உண்டு. பிறகு அவற்றைக் கடையில் கேட்பார் இல்லாமல் போயிற்று. இன்று அதே சாமையை நகரத்துக் கடைகள் அழகான பாக்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன.

பத்மஸ்ரீ அவருக்குக் கிடைத்தது விவசாயத்துக்காக. கடைக்கு யாரும் விருது கொடுப்பதில்லை, நாமும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நம் கடைகளில் தராசு பிடிக்கும் பெண்களை நாமே கணக்கில் எடுக்கிறோமா? கணவர் கொள்முதலுக்குச் சேலம் போனால் அன்று முழுவதும் கடை அம்மாவுடையது. பற்று வரவு முழுதும் அவருக்கு மனப்பாடம். உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு மட்டும் ஐயா பெயரில். ஐயா திடீரென்று காலமாகிவிட்டால் என்ன நடக்கிறது? தனி உரிமையாளர் பெயரில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவு வாரிசுக்குத் தானாக வராது. புதிதாகப் பதிய வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் இறந்த நாளிலிருந்து 90 நாட்கள் வாரிசுக்குச் செல்லும். அதற்குள் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இது தெரியாமல், முப்பது வருடம் கடையில் இருந்தவரே அலுவலகத்தில் புது ஆள் போல நிற்க வேண்டியதாகிறது. மொத்தக் கடையில் கிடைத்து வந்த கடனும் பல சமயம் அத்துடன் நின்றுவிடுகிறது. வீட்டுப் பெண்களைப் பங்குதாரராகச் சேர்ப்பதையோ, கடையை அவர்கள் பெயரிலேயே பதிவதையோ கணக்கரிடம் இப்போதே கலந்து பேசிவிடலாம்.

பாப்பம்மாள் அம்மையாரின் பாட்டி காலத்தில் இந்தப் பதிவுகள் எதுவும் இல்லை. கடை பாட்டியிடமிருந்து நேராகப் பேத்திக்கு வந்தது.

அம்மையார் தி.மு.க.வில் நெடுங்காலம் இருந்தவர். அக்கட்சி 2024-ஆம் ஆண்டுக்கான பெரியார் விருதை அவருக்கு அறிவித்திருந்தது. விருது விழா நடந்த அதே செப்டம்பர் மாதத்தின் இறுதியில், தாம் கடை நடத்திய அதே தேக்கம்பட்டியில் அவர் மறைந்தார்.