ஐ.சி.யூ. கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நடக்குது? மூத்த நர்சு இளைய நர்சுக்கு சொல்லித்தரும் பரிவு பாடம்

எந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு போனாலும் ஐ.சி.யூ. எனப்படும் தீவிர சிகிச்சை பிரிவு வாசலில் ஒரு கூட்டம் இருக்கும். கையில் மருந்து சீட்டு, பக்கத்தில் சாப்பாட்டு பை, கண்ணில் தூக்கம் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து ஓடுவார்கள். "சிஸ்டர், எங்க அப்பா கண்ணு முழிச்சாரா?" என்று கேட்பார்கள். "டாக்டர் வந்து சொல்லுவாரு" என்ற பதிலோடு கதவு மூடிக்கொள்ளும்.

"உள்ளே என்னதான் பண்றாங்க?" என்று கோபம் வருவது சகஜம். ஆனால் அந்த கதவுக்கு உள்ளே 24 மணி நேரமும் நோயாளி பக்கத்தில் நிற்பது நர்சுதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு போவார். நர்சு அங்கேயே இருப்பார்.

அந்த நர்சுக்கு மருந்தும் மெஷினும் தெரிந்தால் மட்டும் போதாது, மனசும் வேண்டும். காலேஜில் படித்து வருவது பாதிதான். மீதியை கூட நிற்கும் மூத்த சிஸ்டர்தான் கற்றுத்தர வேண்டும். அப்படி கற்றுத்தர ஆள் இல்லாமல் போனால், கஷ்டம் படுக்கையில் கிடப்பவருக்குத்தான்.

கையால் கொடுத்த மூச்சு

1952-ம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில் போலியோ நோய் வேகமாக பரவியது. மூச்சு விட முடியாமல் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் குவிந்தனர். அத்தனை பேருக்கும் மூச்சு மெஷின் இல்லை.

டாக்டர் பியோன் இப்சன் ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்து, அதில் ஒரு ரப்பர் பையை மாட்டி, கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அமுக்குவதற்கு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு வந்தனர். ராத்திரி பகலாக குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1953-ல் அதே நகரில் இப்சன் தனியாக ஒரு தீவிர சிகிச்சை பிரிவை தொடங்கினார்.

இப்போது மூச்சு கொடுக்கும் வேலையை வெண்டிலேட்டர் பார்த்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் வேலை நர்சிடம் வந்துவிட்டது.

கையை ஏன் கட்டுகிறார்கள்?

பார்க்க போகும் சொந்தக்காரர்கள் முதலில் அதிர்ச்சி அடைவது இதை பார்த்துத்தான். நோயாளியின் கை கட்டிலோடு கட்டப்பட்டு இருக்கும்.

வெண்டிலேட்டர் டியூப் வாய் வழியாக குரல்வளையை தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அதனால்தான் நோயாளியால் பேச முடியாது. அரை மயக்கத்தில் அவரே டியூபை பிடுங்கி விட்டால் சில நிமிடத்தில் உயிருக்கு ஆபத்து. அதை தடுக்கத்தான், வேறு வழி இல்லாதபோது, மெத்தென்ற துணியால் கட்டுகிறார்கள்.

ஆனால் கட்டிவிட்டு போய்விடக்கூடாது. அடிக்கடி அவிழ்த்து, விரல் நிறம் மாறி இருக்கிறதா, கை குளிர்ந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அய்யா, டியூப் இருக்குது, அதான் கட்டியிருக்கோம், எடுத்ததும் அவிழ்த்துடுவோம்" என்று அவரிடமே சொல்ல வேண்டும்.

மயக்க மருந்தில் இருப்பவருக்கும் காது கேட்கலாம். அதனால் தொடுவதற்கு முன்னால் பெயர் சொல்லி கூப்பிட வேண்டும். உடம்பு துடைக்கும்போது திரையை இழுத்து விட வேண்டும். படுக்கைக்கு மேலே நின்று சொந்தக்கதை பேசக்கூடாது. இதெல்லாம் மூத்த சிஸ்டர் செய்வதை பார்த்து இளையவர் பழகும் விஷயங்கள்.

புரட்டி விடுவதும் வைத்தியம்தான்

அசையாமல் கிடப்பவருக்கு முதுகு, இடுப்பு, குதிகாலில் ரத்த ஓட்டம் தடைபட்டு படுக்கைப்புண் வரும். சாதாரணமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி படுக்க வைக்க வேண்டும். தலைப்பக்கம் கட்டிலை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சிலும் உணவும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். வாய் சுத்தம் செய்வது, கண் காய்ந்து போகாமல் பார்ப்பது, சளி உறிஞ்சுவது என்று வேலை ஓயாது.

எடுபிடி வேலை மாதிரி தெரிந்தாலும் இதில் பாதி வைத்தியம் இருக்கிறது.

மெஷினை பார்க்காதே, ஆளை பார்

அமெரிக்காவை சேர்ந்த நர்சிங் பேராசிரியை பாட்ரிசியா பென்னர் 1984-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார. அதில் நர்சுகளின் வளர்ச்சியை 5 படிகளாக பிரித்தார். முதல் படியில் இருப்பவர் சொன்னதை மட்டும் செய்வார். 5-வது படியில் இருப்பவர் பார்த்த உடனே கண்டுபிடித்து விடுவார். ஒரே மாதிரி வேலையில் 2, 3 ஆண்டு இருந்தால்தான் நடுப்படிக்கே வர முடியும் என்பது அவர் கணக்கு.

ஐ.சி.யூ.வில் இதை கண்ணால் பார்க்கலாம். அலாரம் அடித்தால் புது நர்சு மெஷினை பார்ப்பார். மூத்த சிஸ்டர் ஆளை பார்ப்பார். நெற்றியில் வியர்வை இருக்கிறதா, உதடு நீலமாகிறதா, கால் சில்லிட்டு இருக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா? 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு சுமார் 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். அது குறைந்தால், ரத்த அழுத்தம் இறங்கும் முன்பே ஏதோ சரியில்லை என்று டாக்டரை கூப்பிட்டு விடுவார்.

கற்றுக்கொடுப்பதிலும் பரிவு வேண்டும். "உனக்கெல்லாம் யாரு சர்டிபிகேட் கொடுத்தது?" என்று நோயாளி முன்னால் திட்டினால், அந்த பெண் அடுத்த தடவை சந்தேகம் கேட்க மாட்டாள். தப்பு நடந்தாலும் மறைப்பாள். பொட்டாசியம் மருந்தை டிரிப்பில் கலக்காமல் நேராக நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் "சிஸ்டர், ஒரு தடவை நீங்களும் பாருங்க" என்று கூப்பிட பயம் இருக்கக்கூடாது. திட்டாமல் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர், தனக்கு தெரியாமலே ஒரு உயிரை காப்பாற்றுகிறார்.

42 ஆண்டு காத்த நர்சுகள்

பரிவு கைமாறி வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர் அருணா ஷான்பாக். 1973-ம் ஆண்டு நவம்பர் 27-ந்தேதி அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியர் ஒருவரால் கொடூரமாக தாக்கப்பட்டார். நாய்ச்சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவு திரும்பவே இல்லை.

அன்று முதல் அவரை பார்த்துக்கொண்டது அந்த ஆஸ்பத்திரி நர்சுகள்தான். உடன் வேலை பார்த்தவர்கள் ரிட்டயர் ஆனார்கள். அவரை முன்பின் பார்த்தே இராத புதிய நர்சுகள் வந்தார்கள். அவர்களும் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், புரட்டி விட்டார்கள்.

அவரை கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்ட வழக்கில் 2011-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. அனுமதி மறுக்கப்பட்டது. இத்தனை ஆண்டில் ஒரு படுக்கைப்புண் கூட வரவில்லை என்பதை குறிப்பிட்டு நர்சுகளை நீதிபதிகள் பாராட்டினார்கள். நிமோனியா காய்ச்சலால் பாதிக்கப்பட்டு 2015-ம் ஆண்டு மே 18-ந்தேதி அருணா இறந்தார்.

ஒரு நிமிட மவுனம்

ஐ.சி.யூ.வுக்கு வரும் எல்லோரும் பிழைப்பது இல்லை. வேலைக்கு சேர்ந்த புதிதில், தான் பார்த்த நோயாளி இறந்தால் இளம் நர்சு பாத்ரூமில் போய் அழுவார். 10 நிமிடத்தில் அடுத்த படுக்கைக்கு ஊசி போட வேண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி நர்சு ஜோனதன் பார்ட்டல்ஸ் ஒரு பழக்கத்தை தொடங்கினார். நோயாளி இறந்ததும் டாக்டர், நர்சு எல்லோரும் படுக்கையை சுற்றி நின்று ஒரு நிமிடம் மவுனமாக இருப்பார்கள். பல ஆஸ்பத்திரிகளில் இது பரவி இருக்கிறது. செலவு எதுவும் இல்லை. நம் ஊரில் மூத்த சிஸ்டர் தோளில் கை வைத்து, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாலும் அதே ஆறுதல்தான்.

சங்கிலி அறுந்தால்?

வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு நர்சு என்பதுதான் சரியான கணக்கு. ஒருவரே 3, 4 படுக்கையை பார்த்தால் மருந்து கொடுக்கவே நேரம் போதாது. ஆறுதலாக பேச நேரம் ஏது? புதியவருக்கு சொல்லித்தர நேரம் ஏது?

தமிழ்நாட்டில் கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் பணிக்காலம் 2022-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதியுடன் முடிந்தது. அவர்கள் போராட்டத்தில் குதித்தனர். மாற்றுப்பணி தரப்படும் என்று பிறகு அரசு அறிவித்தது. நர்சு வேலையை விட்டு போனால் ஒரு சம்பளக்காரர் மட்டும் போவதில்லை. கஷ்டப்பட்டு கற்றதும், அடுத்தவருக்கு கற்றுத்தர இருந்ததும் சேர்ந்தே போகிறது.

வாசலில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

* டாக்டரிடம் பேச வீட்டில் ஒருவரை முடிவு செய்து, அவர் செல்போன் நம்பரை நர்சிடம் கொடுங்கள். நோய் எப்படி போகும் என்று சொல்லும் பொறுப்பு டாக்டருடையது. "ராத்திரி தூங்கினாரா, காய்ச்சல் இருக்கா?" என்று நர்சிடம் தாராளமாக கேட்கலாம்.

* வீட்டில் எப்படி கூப்பிடுவீர்கள், கண்ணாடி போடுவாரா, காது மெஷின் உண்டா என்று சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் என்றால் மறைக்காதீர்கள். குடி திடீரென்று நின்றால் நடுக்கம், வலிப்பு வரலாம்.

* உள்ளே போகும்போதும் வரும்போதும் கையை கழுவுங்கள். எந்த கையை பிடிக்கலாம் என்று கேட்டு, பிடித்துக்கொண்டு பேசுங்கள். அழுது புலம்ப வேண்டாம். இன்றைக்கு என்ன கிழமை, பேரன் என்ன செய்தான் என்று சொன்னாலே போதும்.

* சிலர் ஆளை தெரியாமல் உளறுவார்கள், இல்லாததை பார்த்து பயப்படுவார்கள். இதற்கு டெலீரியம் என்று பெயர். பைத்தியம் அல்ல. பழகிய குரல் கேட்டால் பயம் குறையும்.

* ஒளித்து வைத்து இட்லி, ஜூஸ் கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

* யாராவது மரியாதை இல்லாமல் நடந்தால் நர்சிங் சூப்பிரண்டிடமோ, ஆர்.எம்.ஓ.விடமோ எழுதிக்கொடுங்கள். கை நீட்டினால் 2008-ம் ஆண்டு தமிழக சட்டப்படி ஜெயில்தான்.

* குணமாகி வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் கெட்ட கனவு, பயம், உடம்பு தளர்ச்சி இருக்கலாம். "அதான் பொழைச்சு வந்தாச்சே" என்று தள்ளிவிடாமல் மறுபரிசோதனைக்கு போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள்.